இமையை உயர்த்துவதற்கு முன், அது ஏன் தாழ்ந்தது என்பது தெரிய வேண்டும்

திருகோணமலை உப்புவெளிப் பக்கத்திலிருந்து 57 வயதுடைய ஒரு வாசகி நீண்ட கடிதமொன்றை எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன். அவர் வீட்டிலிருந்தபடி சாறிச் சட்டை தைத்துக் கொடுப்பவர். பத்து வருடங்களாக நீரிழிவு உண்டு. இதயப் பரிசோதனைக்குப் பிறகு தினமும் அஸ்பிரின் எடுக்கிறார். நான்கு வருடங்களுக்கு முன் வலக் கண்ணில் கற்றரக்ட் சத்திர சிகிச்சை செய்யப்பட்டது; பார்வை நன்றாகத் திரும்பியது. ஆனால் சில மாதங்களில் அதே கண்ணின் மேல் இமை மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கி, இப்போது கண்மணியின் மேற்பகுதியை மறைக்கிறது. பின்னேரமானால் இன்னும் தாழ்கிறது. எந்நேரமும் நெற்றியைச் சுருக்கிப் பார்ப்பதால் தலையிடி. தைக்கும்போது இமையைப் பிளாஸ்டர் ஒட்டி மேலே இழுத்து வைத்துக்கொள்கிறார். பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னபடி விளக்கெண்ணெய் தடவி இமையை நீவியும் பார்த்திருக்கிறார்.

"ஏன் அக்கா, நித்திரை கொள்ளவில்லையா?" என்று காண்பவரெல்லாம் கேட்பது அவருக்கு வேதனையாக இருக்கிறது. ஆவணியில் மகளின் கல்யாணம். அதற்கு இரண்டு மாதங்களே உள்ளன. கனடாவிலிருக்கும் தம்பி, சென்னையில் இமைத் தோலை வெட்டிக் கண்ணைத் திறக்கச் செய்யும் சிகிச்சையின் விளம்பரமொன்றை அனுப்பி, பணமும் தருவதாகச் சொல்கிறார். கணவரோ, "இந்த வயதில் என்ன அழகு வேண்டிக் கிடக்கிறது?" என்கிறார். கல்யாணத்துக்கு முன் செய்துகொள்ளலாமா, சென்னைக்குப் போகலாமா, கற்றரக்ட் செய்த வைத்தியர்தான் கண்ணைக் கெடுத்துவிட்டாரா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில், பிளாஸ்டரைப் பற்றியும் விளக்கெண்ணெயைப் பற்றியும் எழுதியதற்கு நடுவே ஒரேயொரு வரி இருக்கிறது: "இரவில் சில நேரம் ஊசி இரண்டாகத் தெரியும், கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தால் சரியாகிவிடும்." அதை நீங்கள் ஒரு கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த வரிக்குத்தான் விடை காண வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சத்திர சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்பதும், எப்போது, எங்கே என்பதும் அந்த விடையைப் பொறுத்தவை.

ஊசி இரண்டாகத் தெரிவது

அடுத்த முறை அப்படித் தெரியும்போது, பிளாஸ்டர் இல்லாமல் இமையை விரலால் மெதுவாக உயர்த்திக்கொண்டு, முதலில் இடக் கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு வலக் கண்ணை மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் ஊசி ஒன்றாகிவிட்டால், இரு கண்களும் ஒரே புள்ளியை நோக்கவில்லை, அதாவது கண்ணை அசைக்கும் தசைகளில் ஏதோ தளர்வு இருக்கிறது என்று பொருள். ஒரு கண்ணை மூடிய பிறகும் மற்றக் கண்ணில் இரண்டாகவே தெரிந்தால், காரணம் பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குள்ளேயே, கண்ணீர்ப் படலத்திலோ வில்லையிலோ இருக்கும். இரண்டாவது நிலை அவ்வளவு அச்சத்துக்குரியதன்று. முதலாவதை அலட்சியம் செய்யக் கூடாது.

இமைத் தாழ்வும் இரட்டையாகத் தெரிதலும் சேர்ந்து வந்து, இரண்டும் களைப்பினால் கூடி, ஓய்வினால் குறையுமானால், மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் நோயை நாம் நினைத்தே ஆக வேண்டும். நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை போய்ச் சேரும் இடத்தை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வருவது இது. பலருக்கு முதலில் கண்ணிலேயே தோன்றும். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னர், பெரும்பாலும் முதல் இரண்டு வருடங்களுக்குள், விழுங்குதல், பேச்சு, கை கால், மூச்சு ஆகியவற்றின் தசைகளுக்கும் பரவலாம். உங்களுக்கு இந்த நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நான்கு வருடங்களாக ஒரே பக்கம் மெல்லக் கூடிவந்த தாழ்வுக்கு வேறு சாதாரணக் காரணம் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அந்தச் சாதாரணத் தாழ்வும் நாள் முடிவில் சற்றுக் கூடித்தான் தெரியும். ஆனாலும் இல்லை என்று உறுதி செய்யாமல் கத்தியை எடுப்பது தவறு. இந்த நோயில் இமையின் உயரம் நேரத்துக்கு நேரம் மாறும். காலையில் ஓர் அளவைப் பார்த்துத் தைத்து வைத்தால் பின்னேரம் அது வேறோர் அளவாகிவிடும். மருந்தினாலேயே உயரக்கூடிய இமைக்கு அறுவை தேவைப்படாமலும் போகலாம்.

சோதிப்பது கடினமன்று. மேலே இமைக்காமல் ஓரிரு நிமிடம் பார்க்கச் சொல்லி, இமை படிப்படியாக விழுகிறதா என்று வைத்தியர் கவனிப்பார். கையுறைக்குள் ஐஸ்கட்டி வைத்து, மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் பிடித்து, இமை 2 மில்லிமீற்றர் அளவுக்கு உயர்கிறதா என்று அளப்பார். பின்னர் இரத்தப் பரிசோதனை. இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. கண்ணோடு மட்டும் நின்றுவிட்ட மயஸ்தீனியாவில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அந்த இரத்தப் பரிசோதனை எதையும் காட்டாது. ஆகவே அறிக்கையில் "இல்லை" என்று வந்தாலும், உங்கள் அறிகுறிகள் அதை நோக்கிக் கை காட்டினால் நரம்பியல் வைத்திய நிபுணர் உங்களைப் பார்ப்பதே முறை.

கற்றரக்ட் செய்தவர் கெடுத்துவிட்டாரா?

மேல் இமையைத் தூக்குவது லீவேட்டர் என்னும் தசை. அது கண் குழியின் ஆழத்திலிருந்து வந்து, முன்பக்கம் மெல்லிய அகன்ற நாணாக மாறி, இமையின் உள்ளே இருக்கும் தகட்டில் பற்றிக்கொள்கிறது. வயது ஏற ஏற இந்த நாண் மெலிந்து, நீண்டு, சில வேளை தகட்டிலிருந்து நழுவியும் விடும். உங்கள் தொழிலில் சொல்வதானால், துணி நன்றாகவே இருக்க, மடித்துத் தைத்த ஓரம் மட்டும் தையல் விட்டுப்போன நிலை. தசை வலுவாக இழுக்கிறது. இழுப்பு இமைக்கு வந்து சேரவில்லை. இப்படிப்பட்ட இமையில் மடிப்புக் கோடு வழக்கத்தைவிட மேலே ஏறியிருக்கும். கீழே பார்க்கும்போது இமை இன்னும் தாழ்ந்து பார்வையை மறைக்கும். தைக்கக் குனிந்தால்தான் தொல்லை அதிகம் என்று நீங்கள் எழுதியிருப்பது இதனோடு நன்கு பொருந்துகிறது.

கற்றரக்ட் செய்யும்போது இமைகளை விரித்துப் பிடிக்க ஒரு கருவி வைக்கப்படும், விறைப்பூசி போடப்படும், பின்னர் சிறிது வீக்கமும் இருக்கும். ஏற்கெனவே மெலிந்திருந்த நாண் இவற்றால் மேலும் தளரலாம். கண்ணுக்குள் செய்யும் பல சத்திர சிகிச்சைகளுக்குப் பின், எவ்வளவு கவனமாகச் செய்தாலும், சிலருக்கு இது நேர்வது கண் மருத்துவத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. பலருக்குச் சில மாதங்களில் தானே சரியாகிவிடும், சிலருக்கு நின்றுவிடும். எனவே இமை இறங்கியது என்பதை மட்டும் வைத்து அந்த வைத்தியரைக் குற்றவாளியாக்க முடியாது. முன்கூட்டியே உங்களுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்ற மனக்குறை நியாயமானது. அந்தச் சத்திர சிகிச்சையின் டயக்னோசிஸ் கார்ட் உங்களிடம் இல்லையென்றால், செய்த இடத்தில் அதன் விவரத்தைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். குற்றம் சாட்டுவதற்காக அன்று. அடுத்துப் பார்க்கும் வைத்தியருக்கு அது வேண்டும்.

விளக்கெண்ணெய் தடவி நீவுவதை இன்றே நிறுத்துங்கள். எண்ணெயால் நாண் இறுகாது; தேய்க்கத் தேய்க்க அது மேலும் நீளும். பிளாஸ்டரும் வேண்டாம். இமைக்க முடியாமல் இழுத்துக் கட்டிய கண் காய்ந்து, கருவிழியின் மேற்பரப்பில் புண் வரலாம். நீரிழிவு உள்ளவருக்கு அந்தப் புண் ஆறுவதும் தாமதம்.

அழகுக்கா, பார்வைக்கா?

உங்கள் கணவருக்கு நான் பதில் சொல்வதைவிட, அவரே கண்ணால் காண்பது நல்லது. அவரை எதிரே உட்கார வைத்து, இடக் கண்ணை மூடிக்கொண்டு, வலக் கண்ணால் அவருடைய மூக்கை நேரே பாருங்கள். நெற்றியைச் சுருக்க வேண்டாம். அவர் தமது விரலை உங்கள் தலைக்கு மேலிருந்து மெதுவாகக் கீழே கொண்டுவரட்டும், தெரிந்தவுடன் சொல்லுங்கள். பிறகு இமையை விரலால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அதையே மீண்டும் செய்யுங்கள். இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள தூரம்தான் நீங்கள் இழந்திருக்கும் பார்வை. கிளினிக்கிலும் இதையே கருவியால், இமையைத் தாழ்ந்தபடி விட்டு ஒரு முறையும், ஒட்டி உயர்த்தி ஒரு முறையும் அளந்து வரைபடமாகப் பதிவார்கள். நெற்றித் தசையின் ஓயாத உழைப்பால் வரும் தலையிடியும், நாடியைத் தூக்கிப் பார்ப்பதால் வரும் கழுத்து நோவும் கற்பனையல்ல. மகளின் கல்யாணப் படத்தில் கண் திறந்திருக்க வேண்டும் என்று ஒரு தாய் ஆசைப்படுவதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை நான் ஒரு குறையாக எண்ணவில்லை.

தம்பி அனுப்பிய விளம்பரத்தைப் பற்றி ஒன்று. மேல் இமையில் தோல் தொங்கி இமை மயிரின் மேல் விழுவது வேறு. இமையின் விளிம்பே இறங்கி நிற்பது வேறு. கண்ணாடி முன் நின்று, தொங்கும் தோலை மட்டும் இரு விரலால் மெல்ல மேலே ஒதுக்கிப் பாருங்கள். விளிம்பு அப்போதும் கண்மணியை மறைத்தபடியே இருந்தால், தோலை எவ்வளவு வெட்டினாலும் உங்கள் கண் திறக்காது. அளவுக்கு மீறி வெட்டினால் மூடுவதும் கடினமாகும். இரண்டு குறைகளும் ஒருவருக்கே இருக்கலாம். அப்போது இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்துவார்கள்.

சத்திர சிகிச்சை எப்படி நடக்கும்

எதைச் செய்வது என்பதை ஒரு சாதாரண அளவுகோல் தீர்மானிக்கிறது. புருவத்தை வைத்தியர் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உங்களைக் கீழே பார்க்கச் சொல்லி, பிறகு மேலே பார்க்கச் சொல்வார். இமை விளிம்பு எத்தனை மில்லிமீற்றர் நகர்கிறது என்று பார்ப்பார். 12 அல்லது அதற்கு மேல் என்றால் தசை நன்றாக வேலை செய்கிறது. 4 அல்லது அதற்குக் கீழ் என்றால் தசையை நம்பிப் பயனில்லை. நெற்றித் தசையோடு இமையைத் தொடுக்கும் வேறொரு முறையை நாட வேண்டும். தொடையிலிருந்து எடுக்கும் நார்ப்பட்டையையோ சிலிக்கன் இழையையோ அதற்குப் பயன்படுத்துவர். பிறவியிலேயே இமை தாழ்ந்த பிள்ளைகளுக்கு இது அதிகம் செய்யப்படுகிறது.

உங்களுக்குத் தளர்ந்தது நாண்தான் என்று உறுதியானால், லீவேட்டர் நாணை முன்னிழுத்துத் தகட்டில் மீண்டும் தைப்பதே வழக்கமான சிகிச்சை. முழு மயக்கம் கொடுக்க மாட்டார்கள்; விறைப்பூசி மட்டும். இமையின் இயற்கையான மடிப்பிலேயே கீறுவதால் தழும்பு அந்தக் கோட்டுக்குள் மறைந்துவிடும். நாணின் ஓரத்தைக் கண்டுபிடித்து, இழுத்து, ஒரு முடிச்சுப் போட்டதும் உங்களைக் கண் திறக்கச் சொல்வார்கள். பல வைத்தியர்கள் மேசையில் எழுப்பி உட்கார வைத்தே பார்ப்பார்கள். உயரமும் வளைவும் மற்றக் கண்ணோடு ஒத்துப்போகும்வரை முடிச்சை இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருக்கும். அதற்கு நீங்கள் விழித்திருக்க வேண்டும். பயப்படாதீர்கள், நோகாது, இழுபடுவது மட்டும் தெரியும். ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அன்றே வீடு திரும்பலாம். தையல் ஒரு வாரமளவில் எடுக்கப்படும்.

இடக் கண் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் சோதிக்க வேண்டும். மூளை இரு இமைகளுக்கும் ஒரே அளவான கட்டளையையே அனுப்புகிறது. தாழ்ந்த இமைக்காக அது கூடுதலாக உந்தும்போது மற்ற இமையும் சேர்ந்து உயர்ந்து நிற்கும். வலது இமையைத் திருத்தியதும் அந்த உந்துதல் குறைந்து, இடது இமை இறங்கிவிடக்கூடும். "ஒன்றைச் செய்யப்போய் மற்றதையும் கெடுத்துவிட்டார்கள்" என்று நோயாளிகள் மனமுடைவது இதனால்தான். வலது இமையை விரலால் தூக்கிப் பிடித்து இடது இமை இறங்குகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். பார்க்கவில்லையென்றால் நீங்களே வைத்தியரிடம் கேளுங்கள்.

ஆபத்துகளை மறைக்கக் கூடாது. இமை போதிய அளவு உயராமல் போகலாம், அல்லது அதிகமாக உயர்ந்துவிடலாம்; ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத் திரும்பவும் திருத்த வேண்டி வருகிறது. தொடக்க வாரங்களில் தூங்கும்போது கண் முழுதாக மூடாது. அதனால் இரவில் கண் களிம்பும் பகலில் கண்ணீர்த் துளிமருந்தும் தருவார்கள், அவற்றை விடாமல் போட வேண்டும். கண் ஏற்கெனவே காய்ந்த தன்மையுடையதா என்பதைச் சத்திர சிகிச்சைக்கு முன்னரே பார்க்க வேண்டும். மிக அரிதாக, கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்து அழுத்தம் கூடும். சிகிச்சை செய்த நாளில் கடும் நோவோடு கண் முன்தள்ளி, பார்வை மங்கினால், விடியட்டும் என்று காத்திராமல் அந்த மணித்தியாலமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்துவதா, எத்தனை நாள் என்பதை இதய வைத்தியரும் கண் வைத்தியரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். சீனியின் அளவும் கட்டுக்குள் வந்திருக்க வேண்டும்.

கத்தியில்லாத வழிகளும் உண்டு. மூக்குக் கண்ணாடியின் சட்டத்தில் மெல்லிய கம்பி பொருத்தி இமையைத் தாங்கலாம். சத்திர சிகிச்சைக்கு உடல் இடங்கொடாதவர்களுக்கு அது உதவும். ஆக்ஸிமெட்டாசோலின் என்ற துளிமருந்துக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது இமையைச் சில மணித்தியாலங்களுக்கு ஒரு மில்லிமீற்றரளவு உயர்த்தும், நோயைக் குணப்படுத்தாது. இதே பெயரில் பார்மசியில் கிடைக்கும் மூக்கடைப்புத் துளிகளை எக்காரணத்தாலும் கண்ணில் விடாதீர்கள்.

ஆவணியும் சென்னையும்

ஆவணிக்குள் செய்ய வேண்டாம் என்பதே என் ஆலோசனை. காரணத்தைக் கண்டறியவே சில வாரங்கள் செல்லும். அதன்பின் செய்தாலும் கண்டலும் வீக்கமும் வடிய இரண்டு மூன்று வாரங்களும், இமை தன் நிரந்தர உயரத்துக்கு வர மூன்று மாதமளவும் ஆகும். கல்யாண வீட்டு அடுப்புப் புகைக்கும் கண் விழிப்புக்கும் நடுவே ஆறாத இமையோடு நீங்கள் நிற்பதை நான் விரும்பவில்லை. கல்யாணத்தை நிம்மதியாக முடித்துவிட்டு, ஐப்பசியிலோ கார்த்திகையிலோ செய்துகொள்ளலாம்.

சென்னையில் திறமையான வைத்தியர்கள் இருக்கிறார்கள். என் தயக்கம் அவர்களைப் பற்றியதன்று. இந்தச் சிகிச்சையின் பாதி, செய்த பிறகு பார்ப்பதில் இருக்கிறது. முதல் வாரத்தில் இமை மிகவும் உயர்ந்திருந்தால் செய்தவரே எளிதாகத் தளர்த்திவிட முடியும். நீங்கள் அதற்குள் ஊர் திரும்பிவிட்டால் யார் செய்வது? திரும்பிப் போகக்கூடிய இடத்தில் செய்துகொள்வதே நல்லது. வீட்டுக்கு அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டித் துண்டு வாங்கிக்கொண்டு, திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் கண் கிளினிக்குக்குப் போங்கள். அங்கிருந்து தேவைப்பட்டால் நரம்பியல் பிரிவுக்கோ, கொழும்பு தேசிய கண் வைத்தியசாலை போன்ற பெரிய நிலையத்துக்கோ அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் அறவிட மாட்டார்கள், காத்திருக்க வேண்டியிருக்கும். தனியார் நிலையத்தில் சனல் பண்ணி ஒரு நிபுணரின் கருத்தைக் கேட்பதானால் தம்பியின் பணம் அதற்கு உதவட்டும். எங்கே செய்தாலும் சம்மதப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில் விளக்கக் கேட்ட பிறகே கையொப்பமிடுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வரும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

இமை திடீரென விழுந்து, கடும் தலையிடியும், ஒரு கண்மணி விரிந்திருப்பதும், விழி வெளிப்பக்கம் திரும்புவதும் கண்டால், மூளையின் இரத்தக்குழாய் வீங்கியிருக்கக்கூடும். கழுத்து நோவோடு இமை சற்றுத் தாழ்ந்து கண்மணி சிறுத்திருந்தாலும் அவசரமே. விழுங்கவோ மூச்சு விடவோ கடினமானால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வயற்காரர்களுக்காக இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். நிலத்தில் படுத்தவர் விடியும்போது இரண்டு இமைகளையும் திறக்க முடியாமல் எழுந்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் கட்டுவிரியன் தீண்டியிருக்கலாம் என்று எண்ணி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது டயக்னோசிஸ் கார்ட், எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றின் பட்டியல், கண்ணில் விடும் துளிமருந்து ஏதேனுமிருந்தால் அதன் போத்தல், முகம் தெளிவாகத் தெரியும் பழைய படங்கள் சில ஆகியவற்றைக் கொண்டு போங்கள். அடையாள அட்டைப் படமும் உதவும், இமை எந்த வருடத்தில் எப்படி இருந்தது என்பதை அது காட்டும். இன்னுமொரு வேலை இருக்கிறது. ஒரு வாரத்துக்கு, காலையில் எழுந்தவுடன் ஒன்றும், இரவில் தைத்து முடித்தவுடன் ஒன்றுமாக, நெற்றியைத் தளர்த்தி நேரே பார்த்தபடி மகளைக் கைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். கிளினிக்கில் உங்கள் முறை காலையில்தான் வரும். இரவில் உங்கள் இமை எங்கே நிற்கிறது என்பதை வைத்தியருக்குக் காட்ட அந்தப் படங்களை விட்டால் வேறு வழியில்லை.